வரைபடத்தில் இல்லாத முப்பத்தைந்து விநாடிகள்

சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கையில் காய்கறிப் பை. எதிர்ச்சாரியில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜெயராஜ் ஓடி வந்தார். நம் மில்லில் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியனாக இருக்கிறாரே, அந்த ஜெயராஜ்தான். "அண்ணே, ஒச்சண்ணே போயிட்டாருண்ணே" என்றார். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். கேட்ட வாய் மூடுவதற்குள் புரிந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம், உசிலம்பட்டிக்கு மேற்கே தன் ஊரில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். ஐம்பத்திரண்டு வயது. நான் ஏறவேண்டிய பஸ் வந்து நின்று போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

சங்க மலரைப் படிக்கிற உங்களில் பலருக்கு பெ. ஒச்சப்பனை நன்றாகத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன், நான் பர்ச்சேஸ் பிரிவு. அவர் கேட்கிற சாமானை வாங்கி வருவது என் வேலை. நான் வாங்கி வந்ததைத் திருப்பிப் போடுவது அவர் வேலை. பதினைந்து வருஷம் இப்படித்தான் குடும்பம் நடத்தினோம். சமாதானமாக இருக்கும்போது என்னை "மாப்ள" என்பார். கோபம் வந்தால் "பர்ச்சேஸ் சார்" ஆகிவிடுவேன். மாதத்தில் பாதி நாள் நான் சார்தான்.

அவரைப் பற்றி மில்லில் ஒரு பேச்சு உண்டு. இயந்திரம் ஓட்டும் வீரணனின் விரல் நகம் போனதற்கு ஒச்சப்பன்தான் காரணம் என்பது அந்தப் பேச்சு. அவர் கைப்பட எழுதிய அறிக்கையே ஃபைலில் இருப்பதால் யாரும் சந்தேகப்பட்டதில்லை. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன் அவர் எப்படி வேலை பார்த்தார் என்று தெரியவேண்டும்.

நம் புளோரூமில், அதாவது பஞ்சுப் பொதியைப் பிரித்து அடித்துத் தூசி நீக்கும் இடத்தில், இரண்டு வெளிநாட்டு இயந்திரங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றை ஓட்டுவது பக்கத்தில் பீரோ மாதிரி நிற்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்குள் வரிசையாகச் செருகியிருக்கும் மின்சுற்றுப் பலகைகளை நாம் போர்டு என்போம். உள்ளங்கை அகலம், மேலே டிரான்சிஸ்டரும் கெப்பாசிட்டரும். இயந்திரம் வந்து பத்து வருஷம் ஆனதும் போர்டுகள் ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்தன. செய்த கம்பெனிக்கு எழுதினேன். அந்த வகையை நிறுத்திவிட்டோம், முழுப் பெட்டியையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அழகான காகிதத்தில் பதில் வந்தது. இறக்குமதி லைசென்சுக்கு நடந்த நடையில் எனக்கு இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. கடைசியில், இதே இயந்திரம் ஓடிய மில் எங்கே மூடினாலும் அங்கே போய் நிற்பது என்று ஆயிற்று. எழவு வீட்டுக்குப் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போவோம். உள்ளே போனதும் பெட்டியைத் திறந்து போர்டை எண்ணுவோம்.

அப்படி ஒருமுறை கோயம்புத்தூர்ப் பக்கம் மூடிய மில் ஒன்றிலிருந்து ஆறு போர்டு கொண்டுவந்தோம். அங்கேயே செருகிப் பார்த்து, ஆறும் ஓடியதை என் கண்ணால் கண்டேன். வந்த அன்றே மாட்டிவிடலாம் என்றேன். ஒச்சண்ணன் ஆறையும் தூக்கிக்கொண்டு பாய்லர் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போய்விட்டார். அதுதான் அவருடைய சோதனைக்கூடம். பாய்லர் சுவரை ஒட்டி ஒரு மேசை; அதன்மேல் ஒரு பெரிய பிஸ்கட் டின்; டின்னுக்குள் அறுபது வாட் பல்பு. போர்டை டின்னுக்குள் செருகி, மேலே ஒரு பிடி கழிவுப் பஞ்சைத் தூவி, மூடி, மூன்று நாள் ஓடவிடுவார். சரியாக வேலை செய்கிறதா என்று காட்ட வெளியே சைக்கிள் லைட் பல்புகளை வரிசையாகக் கட்டியிருந்தார். முதல் இரண்டு நாள் சூடு. மூன்றாம் நாள் ஸ்டாப் வாட்ச். சூட்டில் ஊறிய பிறகுதான் ஒரு போர்டு உண்மையில் எத்தனை விநாடியில் வேலை செய்கிறது என்று தெரியும் என்பது அவர் கணக்கு.

"அங்கன ஓடுச்சு, நான் பாத்தேன்" என்று நான் எகிறினேன்.

"மார்கழி மாசம், ஃபேனுக்கு அடியில, அரை மணி நேரம் ஓடுச்சு. நம்ம பேனலுக்குள்ள சித்திரை மாசம் கையை விட்டுப் பாரு மாப்ள. அப்பளம் பொரிக்கலாம்."

மூன்று நாள் கழித்து ஆறில் இரண்டு தேறியது. மற்ற நாலும் மத்தியானமானால் தூங்கின, சாயங்காலம் எழுந்துகொண்டன. நான் கேன்டீனுக்குப் போய் அவருக்கும் சேர்த்து டீ சொன்னேன்.

இன்னொரு தடவை பம்பாயிலிருந்து டிரான்சிஸ்டர் வரவழைத்தேன். போர்டில் இருந்த அதே எண், புத்தம் புது டப்பா. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றை எடுத்து, பெயிண்ட் தின்னரில் நனைத்த பஞ்சால் தலையைத் துடைத்தார். எண் அழிந்து, அடியில் வேறு ஒரு எண் எட்டிப் பார்த்தது. ரேடியோவில் போடுகிற மலிவுச் சரக்கு. "சட்டை மாத்தி வந்திருக்கு மாப்ள" என்றார், அவ்வளவுதான். மேனேஜர் காதுக்கு அது போயிருந்தால் என் கதை வேறு. டப்பா வந்த தாளிலேயே சுற்றி என்னிடம் கொடுத்து, "திருப்பி அனுப்பு, அளவு சரியில்லைன்னு எழுது" என்றார். கடைசி வரை அதை ஒரு வேடிக்கையாகக்கூட அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மனசுக்கு நான் செய்த கைம்மாறைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

புளோரூம் இயந்திரத்தில் முள் வைத்த கனமான உருளை ஒன்று சுற்றும். பஞ்சு அடைத்துக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, கையால் எடுக்கவேண்டும். மின்சாரம் நின்றாலும் உருளை உடனே நிற்காது, தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அது நிற்கும்வரை மூடியைத் திறக்கவிடாமல் ஒரு பூட்டு பிடித்துக்கொள்ளும். நாற்பது விநாடி கழித்து 'டக்' என்று பூட்டை விடுவிப்பது ஒரு போர்டின் வேலை. நாற்பது என்பது கம்பெனி கொடுத்த மின்சுற்று வரைபடத்தில் உள்ள கணக்கு. அந்த போர்டு இல்லாமல் இயந்திரம் கிளம்பவே கிளம்பாது.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு கோடையில், கையிருப்பில் இருந்த பூட்டு போர்டுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டு, இரண்டாம் இயந்திரம் நின்றுபோனது. எந்த மில்லிலும் பழையது கிடைக்கவில்லை. பெங்களூரில் ஒரு சிறிய பட்டறைக்காரர்கள், வரைபடம் கொடுத்தால் புதிதாகவே செய்து தருகிறோம் என்றார்கள். மாதிரிக்கு ஒரு பழைய போர்டும் கேட்டார்கள். பார்சலில் உடையும் என்று நான் அனுப்பவில்லை, வரைபடத்தை மட்டும் அனுப்பினேன். பத்து போர்டு வந்தது. பார்க்கவே கண்ணாடி மாதிரி இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் இயந்திரம் ஓடவில்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிறவர். என் இரண்டாவது பெண் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அன்று புதன்கிழமை.

ஒச்சண்ணன் வழக்கம்போல இரண்டு போர்டை டின்னுக்குள் செருகினார்.

"அண்ணே, இது பழசு இல்ல. புதுசு. படத்தைப் பாத்துச் செஞ்சது" என்றேன்.

"புதுசுன்னா என்ன? வெயில் தெரியாத பிள்ளை. மூணு நாள் இருக்கட்டும் பர்ச்சேஸ் சார்."

மூன்று நாள் என்றால் சனிக்கிழமை. நான் மேனேஜரிடம் போய் அவரைப் பற்றிக் குறை சொன்னேன். மேனேஜர், அது உங்கள் இரண்டு பேர் பாடு, எனக்கு இயந்திரம் ஓடவேண்டும் என்று கையை விரித்தார்.

வியாழக்கிழமை காலை, ஒச்சண்ணனின் அப்பாவை உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஆள் வந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது என் மேசைக்கு வந்து, "மத்தியானம் வந்துருவேன். டின்னைத் தொறக்காதீக" என்றார். அவர் பஸ் கிளம்பியிருக்கும் என்று தோன்றியதும் நான் தகரக் கொட்டகைக்குப் போனேன். ஜெயராஜ் இருந்தார். டின்னுக்குள்ளிருந்து ஒரு போர்டை எடுத்து இரண்டாம் இயந்திரத்தில் மாட்டச் சொன்னேன்.

"ஒச்சண்ணே சொன்னாராண்ணே?" என்று கேட்டார் ஜெயராஜ். கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்.

"சொல்லிட்டுத்தான் போயிருக்காரு" என்றேன்.

பதினோரு மணிக்கு இயந்திரம் ஓடியது. மேனேஜர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, பட்டறைக்காரர்களைப் பாராட்டி ஒரு கடிதம்கூட எழுதினேன்.

இரண்டு மணி சுமாருக்கு ஒச்சண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கினார். கேட்டிலேயே அவருக்கு இரண்டாம் இயந்திரத்தின் சத்தம் கேட்டிருக்கிறது. செருப்பு ஒரு பக்கம் போக, அவர் ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு ஏனென்று தெரியாமலே நானும் பின்னால் ஓடினேன். நாங்கள் உள்ளே நுழைந்தபோது இயந்திரம் அடைத்துக்கொண்டு, வீரணன் அதை நிறுத்திவிட்டுத் துண்டைக் கையில் சுற்றியபடி பூட்டுச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். 'டக்' என்றது, ஆனால் உள்ளே உருளை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கினார். "ஏய் வீரணா, கையை எடுடா!" என்று ஒச்சண்ணன் போட்ட கூச்சலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. வீரணன் கையை இழுத்தார். துண்டை உருளை வாங்கிக்கொண்டது. அதோடு இரண்டு விரல் நகங்களும் போயின. இன்னும் அரை விநாடி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புளோரூம் ஆட்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

நடந்தது இதுதான். அதற்கும் நாலைந்து வருஷத்துக்கு முன் அந்த உருளை தேய்ந்துபோய், உள்ளூரில் வார்த்த புது உருளையைப் போட்டிருந்தார்கள். அது பழையதைவிடக் கனம். நிற்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. அதைக் கவனித்தவர் ஒச்சண்ணன் ஒருவர்தான். கவனித்து, எல்லாப் பூட்டு போர்டிலும் பெரிய கெப்பாசிட்டராக மாற்றி, நாற்பது விநாடியை எழுபத்தைந்து ஆக்கிவிட்டார். ஆனால் வரைபடத்தில் குறிக்கவில்லை. மாசித் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில், வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவர், வந்து மறந்துவிட்டார். அதனால் பெங்களூரிலிருந்து வந்த பத்தும் வரைபடத்தின்படி அச்சாகச் சரி, இயந்திரத்துக்கு முழுத் தப்பு. மூன்றாம் நாளான வெள்ளிக்கிழமை வரை டின்னில் இருந்திருந்தால் ஸ்டாப் வாட்ச் அதைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. ஒச்சண்ணன் தன் கையால் நாலே வரி எழுதி வைத்தார். "நேரத்தை மாற்றியது நான். அதை வரைபடத்தில் குறிக்காமல் விட்டது நான். போர்டு செய்தவர்கள் மேலும் வாங்கியவர்கள் மேலும் தவறில்லை. தவறு என்னுடையது." மேனேஜர் படித்துவிட்டு, சோதனை முடியாமல் மாட்டச் சொன்னது யார் என்று கேட்டார். ஜெயராஜ் பயந்துபோய், "ஒச்சண்ணே சொன்னதாத்தான்..." என்று இழுத்தார். அவர் கண் என் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறக்கவேண்டிய இடம் அதுதான். அதற்குள் ஒச்சண்ணன், "ஆமா சார், நாந்தான் சொல்லிட்டுப் போனேன்" என்றுவிட்டார்.

அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய உதவி இன்ஜினியர் பதவி வரவில்லை. பிறகும் வரவில்லை. ஃபோர்மேனாகவே இருந்து ஃபோர்மேனாகவே போய்விட்டார்.

விசாரணைக்கு மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டில் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கையில் எனக்கு அழுகை வந்தது. அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

"நீ சொன்னது ஒரு பொய். நான் எழுதாம விட்டதுல பத்து போர்டு தப்பாப் போச்சு. எது பெருசு?" என்றார். செயினை மாட்டிக்கொண்டே, "உன் பேரு வந்துச்சுன்னா உனக்கு வேலை போயிரும், கைப்பிள்ளை வச்சிருக்க. எனக்கு மேல போறது மட்டுந்தான் போகும். ஆனா ஒண்ணு, இனி எவன் படம் கேட்டாலும், மெஷினைப் பாத்துட்டுக் குடு" என்றார்.

"எப்படிண்ணே பாக்குறது? எனக்கு என்ன தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை வா."

போனேன். அதற்கப்புறம் ஏழெட்டு மாதம், வாரவிடுமுறைக் காலைகளில், மில்லில் இருந்த ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, ஒவ்வொரு போர்டையும் வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தோம். அவர் போர்டைப் பிடித்துக்கொண்டு படிப்பார், நான் வரைபடத்தில் விரல் வைத்துச் சொல்வேன். மாறியிருக்கும் இடத்தில் சிவப்பு மையில் திருத்தி, தேதி போட்டு, மாற்றியவர் பெயரையும் எழுதச் சொல்வார். முக்கால்வாசி அவர் பெயர்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் "இந்தா, இன்னொரு களவாணித்தனம்" என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வார். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. நான் வாங்குகிற சாமான் எங்கே போய் என்ன செய்கிறது என்று அதற்கு முன் எனக்குத் தெரியவே தெரியாது. சிவப்பு மை போட்ட படத்தோடு, மாதிரிக்கு ஒரு பழைய போர்டும் சேர்த்து அனுப்பி, மறுபடி பத்து போர்டு வாங்கினோம். மூன்று நாள் டின்னில் இருந்தன. பத்தும் எழுபத்தைந்தாவது விநாடியில் டக்கென்றன. இன்றுவரை அவைதான் ஓடுகின்றன. இன்று என் பிழைப்பு எனக்கு இருப்பதும், என் இரண்டு பெண்கள் படிப்பதும் அவர் போட்ட பிச்சை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்குத்தான் வெட்கம்.

கருமாதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். வீரணன் வந்திருந்தார். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார். ஆட்கள் கலைந்த பிறகு, ஒச்சண்ணனின் மனைவி மாயக்காள் முன்னால் உட்கார்ந்து, எட்டு வருஷம் முழுங்கி வைத்திருந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மாயக்காளுக்குத் தெரிந்தே இருக்கும், மன்னித்துவிட்டேன் என்பார் என்று மனசுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அவருக்குத் தெரியாது. ஒச்சண்ணன் சொந்த வீட்டிலும் மூச்சு விட்டதில்லை.

"அவரு இருக்கையில வந்து சொல்லியிருக்கலாம்லண்ணே?" என்றார். "மில்லு லைன் வீட்டுல இருக்கையில குழாயடிக்குப் போனா, வீரணன் பொஞ்சாதி குடத்தைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போயிரும். ஒரு வருசம் பேசல. எம்புட்டுப் பேச்சு. நானும் அவரைத்தான் வஞ்சேன், கொஞ்சம் பாத்து வேலை செய்யக் கூடாதான்னு. சாகுறதுக்கு முந்தின வாரங்கூட ஒரு சண்டையில சொன்னேன், நீ ஒரு ஆளு கையை முழுங்கப் பாத்தவன்தானேன்னு. சிரிச்சுக்கிட்டாரு."

அவர் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சங்கத்துல அவரு படத்தைப் போட்டு என்னமோ எழுதப் போறாகளாமே?" என்று கேட்டார். ஆமாம், என்னையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

"நல்லவரு வல்லவருன்னு எல்லாரும் எழுதுவாக. நீங்க இதை எழுதுங்க. வீரணன் வீட்டுலயும் படிக்கணும். சுத்தி வளைக்காம எழுதுங்க."

ஒச்சண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று யோசித்தேன். என் வேலை, அவர் கொடுத்தது. ஒரு படத்தை நம்புவதற்கு முன் இயந்திரத்தைப் போய்ப் பார்க்கும் புத்தி, அவர் கொடுத்தது. தவறை எழுதும்போது 'நடந்துவிட்டது' என்று எழுதாமல் 'நான் செய்தேன்' என்று எழுதும் பழக்கம் மட்டும் அவர் எத்தனையோ தடவை செய்து காட்டியும் எனக்கு வரவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

சோதனை முடியாத போர்டை இயந்திரத்தில் மாட்டச் சொன்னது நான். ஒச்சப்பன் சம்மதித்துவிட்டார் என்று ஜெயராஜிடம் பொய் சொன்னது நான். விசாரணையில் வாயை மூடிக்கொண்டு நின்றது நான். வீரணனின் கையைக் காப்பாற்றியது ஒச்சப்பன்.

ராமநாதன், பர்ச்சேஸ் பிரிவு.